கொத்மலைப் பாதையில் நான்கு சக்கரம்

மலைநாட்டைக் காண்பதற்கு மனிதர் கையாண்ட வழிகள் காலத்துக்குக் காலம் வேறுபட்டு வந்திருக்கின்றன. முதலில் கால்நடை, அதன்பின் பொதிமாடு, வெள்ளையர் வந்தபின் குதிரையும் கூடார வண்டியும். 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. ஒவ்வொரு வாகனமும் தன் வேகத்துக்கு இசைந்த ஒரு மலையைத்தான் காட்டிற்று. பொதிமாட்டின் பின்னே நடந்தவன் கண்ட மலை வேறு. ரயில் யன்னலோரத்தில் இருந்தவன் கண்ட மலை வேறு.

இந்த வரிசையில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருப்பது குவாட் பைக் என்னும் நான்கு சக்கர மலைவண்டி. மலைநாட்டின் சுற்றுலா இடங்கள் சிலவற்றில், வழிகாட்டி ஒருவன் முன்னே செல்ல, இரண்டு மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேயிலைச் சரிவுகளினூடே ஏறிச் செல்வதை இப்போது காணலாம். பெயரில் பைக் என்று இருப்பினும் இது மோட்டார் சைக்கிளும் அன்று, மோட்டார் காரும் அன்று. குதிரைமேல் அமர்வது போலக் கால்களை இருபுறமும் இட்டு அமர வேண்டும். ஆனால் கீழே சுழல்வன கொழுத்த நான்கு சக்கரங்கள். அச்சக்கரங்களில் அடைக்கப்படும் காற்று மிகக் குறைவு. மோட்டார் காரின் சக்கரத்துக்கு முப்பது இறாத்தல் அமுக்கம் என்றால் இதற்கு ஐந்து ஆறு இறாத்தலே போதும். ஆகையால் சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது அக்கல்லைக் கையால் பற்றுவது போல நெளிந்து பற்றிக்கொள்ளுகிறது. சேற்றிலும் அமிழ்ந்து போவதில்லை.

இதன் பிறப்பிடம் ஜப்பான். 1970ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் பருத்த மூன்று சக்கரங்களைக் கொண்ட ஒரு வண்டியை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. விளையாட்டுக்கென வந்த அந்த வண்டி திரும்பும் இடங்களில் எளிதிற் கவிழ்ந்தது. 1982இல் சுசுக்கி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொணர்ந்தது. மூன்று சக்கர வண்டியின் விற்பனை 1988இல் அமெரிக்க அரசாங்கத்துக்கும் உற்பத்தியாளருக்கும் ஏற்பட்ட உடன்பாட்டினால் அந்நாட்டில் நின்று போயிற்று. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆட்டு மந்தை மேய்ப்போர் குதிரைக்குப் பதிலாக நான்கு சக்கர வண்டியைக் கைக்கொண்டனர். இவ்வாறு மேய்ப்பனின் வண்டியாக உழைத்த ஒன்றுதான் இன்று உல்லாசப் பயணியின் வண்டியாகத் தேயிலை மலைக்கு வந்திருக்கிறது.

கொத்மலை எனப்படும் நிலப்பகுதி, புஸ்ஸல்லாவைக்கும் இறம்பொடைக்கும் பூண்டுலோயாவுக்கும் நடுவே, கொத்மலை ஓயாவும் அதன் கிளைகளும் அறுத்துச் செதுக்கிய பள்ளத்தாக்கு. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலை இதன் ஒரு விளிம்பில் வளைந்து வளைந்து செல்கிறது. சாலை பூண்டுலோயாப் பக்கம் பிரியும் இடம் தவலந்தன்னை. தவலம் என்பது பொதிமாட்டுக் கூட்டம். தன்னை என்பது சமநிலம். உப்பும் கருவாடும் ஏற்றிவந்த மாடுகள் இளைப்பாறிய மேட்டுநிலம் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்வர். அந்த இடத்திலிருந்து நான்கு சக்கர வண்டி ஒன்று தோட்டப் பாதையில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். பொதிமாடு நின்ற இடத்தில் எஞ்சின் உறுமுகிறது. மாடுகளுக்கும் இது வியப்பாகவே இருந்திருக்கும்.

வண்டியில் அமர்ந்திருக்கும் பயணி யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து வந்தவர், ஐம்பதைக் கடந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களாகவும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெற வேண்டியவர்களாகவும் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் மற்றோர் உடன்பாடு வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து சென்றவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசு நடத்திய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறிக்கவே அமர்ந்தனர். மலை மாறிற்று, தொழில் மாறவில்லை. அவ்வாறு சென்ற ஒரு தாயின் மகன் இந்தப் பயணி. இத்தகையோர் இன்னும் வந்த வண்ணமே இருக்கின்றனர். தாய் சொல்லிய தோட்டத்தின் பெயர், ஒரு கோவில், ஓர் அருவியின் சத்தம்: இவ்வளவே அவர்கள் கொண்டுவரும் முகவரி.

புறப்படுமுன் வழிகாட்டி கற்பிக்கும் பாடம் கால் மணி நேரம் பிடிக்கும். பிடிக்க வேண்டும். இந்தப் பாடத்தைச் சுருக்கும் வழிகாட்டியை நம்பி மலையேறுதல் தகாது.

“ஐயா, வலது கைப் பெருவிரலுக்குப் பக்கத்துல இந்த விசை இருக்கு பாருங்க. மெல்ல அமுக்கினா வண்டி போகும். விரல எடுத்தா வேகம் குறைஞ்சிடும். பயந்தீங்கன்னா முதல்ல விரல எடுங்க. என்ன ஆனாலும் கால மட்டும் கீழ வச்சிடாதீங்க.”

கடைசி வாக்கியம் முக்கியமானது. சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் வண்டி சாய்ந்தவுடன் கால் ஊன்றுவர். இவ்வண்டியின் எடையோ முந்நூறு கிலோவை ஒட்டியது. ஊன்றிய காலின்மேல் பின்சக்கரம் ஏறிவிடும். ஏற்றத்தில் உடலை முன்னே சாய்த்தல், இறக்கத்தில் பின்னே சரிந்து அமர்தல், பக்கச் சரிவில் மலையின் பக்கமாகச் சாய்தல் என்பன அடுத்த பாடங்கள். குதிரையேற்றம் பயின்றவருக்கு இவை புதியன அல்ல. ஆனால் குதிரைக்குத் தன் உயிரைக் காக்கும் அறிவு உண்டு. பள்ளத்தின் விளிம்பில் அது தானே நின்றுவிடும். இயந்திரத்துக்கு அந்த அறிவு இல்லை. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இவ்வண்டி கவிழ்ந்து நேர்ந்த மரணங்கள் மிகுதியானமையால், 2021 ஒக்டோபர் முதல் அங்கே புதிதாக விற்கப்படும் பண்ணை வண்டிகளில், கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுக்காதிருக்கும் காப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. பெரியோருக்கான வண்டியைப் பதினாறு வயதுக்குட்பட்டோர் ஓட்டலாகாது என்பது அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகளின் அறிவுரை. ஒருவருக்கென அமைந்த வண்டியில் பிள்ளையைப் பின்னே ஏற்றிக்கொண்டு படம் பிடிக்கும் வழக்கத்தையும் இங்கே ஒருமுறை கண்டித்துவிடுவது நல்லது.

பங்குனி மாதத்துக் காலைப்பொழுது. பனி இன்னும் பள்ளத்தாக்கில் படிந்திருக்கிறது. வண்டிகள் தோட்டத்து லொறிப் பாதையில் ஏறத் தொடங்குகின்றன. தேயிலைச் செடிகள் இடுப்பளவு உயரத்தில், சீப்பால் வாரியது போல் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நடுவே நிழல்மரங்கள். கவ்வாத்து வெட்டிய மலை ஒன்று, எலும்பு எலும்பாகக் கிளைகள் தெரிய, மொட்டையாகக் கிடக்கிறது. அதற்கு அப்பால் கொழுந்து பறிக்கும் பெண்கள். எஞ்சின் சத்தம் கேட்டவுடன் ஒருத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். கைகள் மட்டும் நிற்கவில்லை. இரண்டு இலையும் ஓர் அரும்பும் பார்க்காமலே கைக்குத் தெரிகின்றன.

தோட்டப் பாதைகள் இரு வகைப்படும். லொறி செல்லும் அகலப் பாதை தோட்ட நிருவாகத்தின் படத்தில் இருக்கும். மற்றது குறுக்கு. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும், கோவிலுக்கும், பாடசாலைக்கும், பிள்ளைக் காம்பராவுக்கும் செடிகளுக்கிடையே நேரே ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதைகளே குறுக்குகள். இவற்றை எந்த எந்திரியும் அளந்து போடவில்லை. பெரட்டுக் களத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் போட்ட பாதைகள் அவை. கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் 1823ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் தொடங்கிய நாள் முதலாக இந்தச் சுற்றாடலில் காடு வெட்டியோரும் பாதை வெட்டியோரும் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களே. மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டைக் கடந்து, மாத்தளை வழியாக ஏறிய அந்த நடையில் காய்ச்சலாலும் பசியாலும் மடிந்தோர் ஆயிரக்கணக்கினர். 2023இல், இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் அவ்வழியே மீண்டும் நடந்தனர்.

கோப்பிச் செடியை 1869இல் தோன்றிய இலைநோய் அழித்தது. தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரையே எல்லாரும் சொல்லுவர். ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1841ஆம் ஆண்டளவில், இந்தப் புஸ்ஸல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்து உடைமையாளரான வோர்ம்ஸ் சகோதரருள் ஒருவர் சீனத்திலிருந்து கொணர்ந்த தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்தார். அம்முயற்சி அப்போது பலன் தரவில்லை. வரலாறு முதலில் நட்டவனை விட்டு, நட்டுப் பிழைத்தவனைப் பிடித்துக்கொள்ளும்.

வண்டி ஒரு வளைவைக் கடந்ததும் கீழே நீர்ப்பரப்பு ஒன்று பளிச்சென்று தோன்றுகிறது. அதுவே கொத்மலை நீர்த்தேக்கம். பயணிகள் எல்லாரும் இங்கே வண்டியை நிறுத்துவர். சுவீடன் நாட்டின் உதவியோடு, துரித மகாவலித் திட்டத்தின் கீழ், 1979இல் தொடங்கி 1985இல் முடிக்கப்பட்ட அணை இது. கற்களைக் குவித்துக் கட்டிய அவ்வணையின் உயரம் 87 மீற்றர். நீளம் 600 மீற்றர். நீர்த்தேக்கம் 17 கோடி 40 இலட்சம் கனமீற்றர் நீரைக் கொள்ளும். மலையைக் குடைந்து நிலத்தடியே அமைத்த மின்நிலையத்தின் மூன்று பொறிகளும் சேர்ந்து 201 மெகாவாற்று மின்சாரம் தருவன.

நீர் குறைந்த பங்குனியிலே வேறொன்றும் தெரியும். கடதொர என்னும் ஊரின் பழைய விகாரை, சேறு பூசிய சுவரோடும் உடைந்த தூணோடும் நீருக்கு வெளியே தலைகாட்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய கிராமங்கள் இந்த நீரின் அடியிலே உள்ளன. துட்டகைமுனு இளவரசனாய்த் தந்தைக்கு அஞ்சி ஒளிந்திருந்த மலை இதுவே என்று சிங்கள மக்கள் வழிவழியாகச் சொல்லும் பழமை வாய்ந்த பள்ளத்தாக்கு அது. வயலை இழந்த மக்களில் ஒரு பகுதியினர் உலர்வலயத்து மகாவலிக் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தனர். வேறு சிலர் சுற்றியிருந்த தோட்ட நிலங்களிற் குடியேற்றப்பட்டனர். அதனால் அத்தோட்டங்களில் வேலை செய்திருந்த தமிழரின் வாழ்வும் அசைந்தது. மூழ்கிய வழிபாட்டிடங்களின் நினைவாக எதிரே மலைமேல் எழுந்த மகாவலி மகாசாயவின் வெண்மை நீரில் விழுந்து தெரிகிறது.

வானொலி நேயர்களுக்கு இங்கே ஒன்று சொல்லாமற் செல்ல இயலாது. இடம்பெயர்ந்த மக்களுக்கெனத் தோன்றிய மகாவலிச் சமூக வானொலியின் கிளையாக, 1989இல் கொத்மலையில் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் எழுந்தது. 1999இல் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. கணினியையே கண்டிராத ஊர் மக்கள் கடிதத்தாலும் தொலைபேசியாலும் கேள்விகளை அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்திலே தேடி, விடையை வானலையிற் சொன்னார்கள். யுனெஸ்கோவின் உதவியோடு நடந்த அம்முயற்சியைக் காணப் பல நாட்டவர் இந்த மலைக்கு வந்தனர்.

பயணி நீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தாய் சொல்லிய அருவி இறம்பொடை அருவியா, டன்சினன் அருவியா என்பது அவருக்குத் தெரியவில்லை. இறம்பொடை அருவி 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்வது. மழைக்காலத்தில் அதன் ஓசை வெகுதூரம் கேட்கும். பூண்டுலோயாப் பக்கத்தவருக்கோ டன்சினன் அருவியே அருவி.

வண்டிகள் மேலும் ஏறுகின்றன. லொறிப் பாதை ஒரு முடுக்கில் இரண்டாகப் பிரிகிறது. அங்கே முதியவர் ஒருவர் மண்வெட்டியோடு கான் வெட்டிக்கொண்டிருக்கிறார். வழிகாட்டி எஞ்சினை நிறுத்தி இறங்குகிறான்.

“பெரியப்பா, இந்தக் குறுக்கால போகலாமா?”

“வேணாம்ப்பா. மேல கல்லு அசைஞ்சு கெடக்கு. இந்தக் கானும் நேத்துத்தான் வெட்டினது. சுத்தியே போ.”

கான் என்பது தேயிலைச் சரிவின் குறுக்கே வெட்டப்படும் வடிகால். மலையில் விழும் மழைநீர் நேரே கீழிறங்கினால் மண்ணையும் அடித்துக்கொண்டு போகும். அதை இடைமறித்து, மெல்லிய சாய்விலே பக்கவாட்டில் நடத்திச் சென்று, பாறை பாவிய ஓடையில் சேர்ப்பது கானின் வேலை. வழியிலே சிறு குழிகளில் மண் படிந்து தங்கும். அதனை அள்ளி மறுபடியும் செடியடியில் இடுவர். கானின் கீழ்க்கரைதான் அதற்கு உயிர். கனத்த சக்கரம் ஒன்று ஏறி அக்கரை ஒரு சாண் அகலத்துக்கு உடைந்தாலும் போதும். அடுத்த மழையில் அத்தனை நீரும் அவ்விடத்தால் பாயும். ஒரு மாதத்தில் அங்கே ஆள் இறங்கி நிற்கும் பள்ளம் விழும். விழுந்த மண் கொத்மலை ஓயாவுக்குச் செல்லும். ஓயா அதை நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய்ப் படிய வைக்கும். உல்லாச வண்டிகள்தாம் நீர்த்தேக்கத்தைத் தூர்க்கின்றன என்று சொல்லுதல் மிகையாகும். செங்குத்துச் சரிவில் இட்ட மரக்கறித் தோட்டங்களும் மண்சரிவுகளும் செய்வதோடு ஒப்பிட இது அற்பம். ஆனால் கான் வெட்டிய மனிதருக்கு அது அற்பம் அன்று. அவருடைய ஒரு நாள் வேலை அது.

மலையின் உச்சி வரை காட்டை வெட்டுதலாகாது என்ற அறிவு ஆங்கிலேயருக்கும் பிந்தியே வந்தது. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர் எச்சரித்த பின்னரே ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டு நிலங்களை விற்பது நிறுத்தப்பட்டது. அதற்குக் கீழே இருந்த மலைக்காட்டின் பெரும்பகுதி ஏற்கனவே கோப்பியாகிவிட்டது. காட்டு மரத்தின் வேர் பிடித்திருந்த மண்ணை இன்று தேயிலை வேரும் கானும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது அந்தப் பிடி எத்தனை இடங்களில் நழுவிற்று என்பதை மலைநாடு கண்டது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மலைமாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் கொத்மலைச் சாலையில் கரண்டியெல்ல என்னுமிடத்தில், கதிர்காமத்திலிருந்து குருணாகலுக்குச் சென்ற பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சமதரையிலே ஒரு தவறு செய்தவனுக்குத் திருந்த நேரம் கிடைக்கும். இந்த மலையிலே பல இடங்களில் அது கிடைப்பதில்லை.

ஆகவே வழிகாட்டி முதியவரின் சொல்லைக் கேட்டுச் சுற்றியே செல்கிறான். அவனும் லயத்துப் பிள்ளைதான். எந்தக் கல் அசைகிறது, எந்த வாங்கலில் ஊற்று எடுக்கும் என்பதைப் பெரியப்பாவிடம் கேட்டு அறிகிறான். அவனுக்கு வேறு கல்வி வாய்த்திருந்தால் வேறு தொழிலுக்குப் போயிருப்பான். ஆயினும் கொழும்புக் கடைகளில் மூட்டை சுமக்கப் போன தன் தோழரைவிட, ஊரிலேயே இருந்து ஊரைக் காட்டிச் சம்பாதிப்பது அவனுக்குக் குறைவாகத் தோன்றவில்லை. வண்டி அவனுடையது அன்று. வாடகைப் பணத்தில் அவன் பங்கு எவ்வளவு என்பது வண்டியின் உடைமையாளரைப் பொறுத்தது. இந்த ஒரு விடயத்தில் கொழுந்துக்கும் குவாட் வண்டிக்கும் அதிக வேற்றுமை இல்லை.

மலையை நடந்து காட்டும் முயற்சி ஒன்றும் இப்பகுதியில் உண்டு. பெக்கோ நடைபாதை என்பது அதன் பெயர். கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, பழைய தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் சென்று நுவரெலியாவில் முடிவது. லூல்கந்துரையிலிருந்து தவலந்தன்னைக்கும், அங்கிருந்து பூண்டுலோயாவுக்கும் வரும் பகுதிகள் இந்தப் பள்ளத்தாக்கின் ஊடாகவே செல்கின்றன. நடப்பவர் லயத்து வாசலில் நின்று தண்ணீர் கேட்பார். ஒரு தேநீரும் அருந்துவார். அட்டை கடித்த காலுக்கு உப்பும் கேட்பார். வண்டியில் செல்பவருக்கு இவை வாய்ப்பதில்லை. ஆனால் முழங்கால் நோயுள்ள ஐம்பது வயதினரை மலைமேல் ஏற்றி, அவர் தாய் பிறந்த இடத்தைக் காட்டும் வல்லமை நடைபாதைக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணியக் கணக்கு என்று அழைக்கப்படும் கீழ்ப்பிரிவின் கோவிலடியிலே வண்டிகள் நிற்கின்றன. சிறு மாரியம்மன் கோவில். புதிதாய் வர்ணம் பூசியது. பயணி அங்கிருந்த பாட்டியிடம் தன் தாயின் பெயரையும், பாட்டனாரின் பெயரையும் சொல்லுகிறார். பாட்டி நெடுநேரம் யோசிக்கிறாள்.

“அந்த லயம் இப்ப இல்லியே தம்பி. மண்ணு சரிஞ்சு ரொம்பக் காலம் ஆச்சு. அந்த எடத்துல மானாப்புல்லுத்தான் வளந்து கெடக்கு. ஒங்க தாத்தா பேரு சொன்னீங்களே, அவரு காமன் கூத்துல பாடுவாரு. அந்தக் கொரல எனக்குத் தெரியும்.”

அவர் அந்தப் புல்வெளியைப் போய்ப் பார்க்கிறார். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு கைப்பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொள்கிறார். மற்றைய பயணிகளுக்கு அவசரம். வழிகாட்டிக்கு அடுத்த குழு காத்திருக்கிறது. ஆயினும் எவரும் எஞ்சினை முடுக்கவில்லை.

திரும்பும் வழியில் பிற்பகல் ஒன்றரை மணி ஆகிறது. பாடசாலை விடும் நேரம். வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள் பாதை நிறைய வருகின்றனர். வழிகாட்டி கையை உயர்த்துகிறான். மூன்று வண்டிகளும் மலைப்பக்கமாக ஒதுங்கி, எஞ்சின் நிற்க, அசையாமல் நிற்கின்றன. பாதையின் பள்ளப்பக்கத்துக்குப் பிள்ளைகள் ஒதுங்குமாறு வண்டியை ஓட்டிச் செல்லும் வழிகாட்டிகளும் உண்டு என்று தோட்டத்தார் குறைகூறுவது கேட்கிறது. அந்தப் பள்ளப்பக்கத்திலே அவர்களைத் தாங்கிக்கொள்ளத் தேயிலைச் செடியைத் தவிர வேறெதுவும் இல்லை. லொறியோ உழவு இயந்திரமோ வருமென்றால் பிள்ளைகளுக்கு அதன் நேரம் தெரியும்; உல்லாச வண்டிக்கு நேரம் இல்லை. காலை ஏழு மணி முதல் எட்டு வரையும், பிற்பகல் ஒன்றரை முதல் இரண்டரை வரையும் தோட்டப் பாதைகளில் இவ்வண்டிகள் ஓடலாகாது என்று ஒரு விதி செய்தால் எவருக்கும் நட்டம் வராது. அதற்குப் பணமும் வேண்டியதில்லை. ஒரு பலகை போதும்.

பிள்ளைகள் கடந்து செல்கின்றனர். ஒரு சிறுவன் நின்று கொழுத்த சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்க்கிறான். அது உள்ளே போகிறது. “காத்து இல்லியா அண்ணே?” என்று கேட்கிறான். “கொஞ்சந்தான் இருக்கும். அப்பத்தான் கல்லப் பிடிக்கும்” என்கிறான் வழிகாட்டி. சிறுவன் தன் கால் செருப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குறுக்கில் இறங்கி ஓடுகிறான்.

தவலந்தன்னையில் பயணிகள் இறங்கிப் பணம் கொடுத்துவிட்டு வேனில் ஏறிச் சென்ற பின்னர், வழிகாட்டி தன் வண்டியில் மண்வெட்டி ஒன்றை வைத்துக் கட்டுகிறான். மேலே முடுக்கில் கடைசி வண்டி திரும்பும்போது பின்சக்கரம் கானின் கரையைச் சற்றே தொட்டுவிட்டது; அதை அவன் மட்டுமே பார்த்தான். வானம் இறம்பொடைப் பக்கத்தில் கறுத்து வருகிறது. பெரியப்பா வேலை முடித்துப் போயிருப்பார். அவன் இறங்கி, உடைந்த கரைக்கு இரண்டு கல் வைத்து, புல்லோடு மண்ணை வெட்டிப் போட்டு, மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்து இறுக்குகிறான். மூன்று மணிக்கே மழை வந்துவிட்டது. அவன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, நீர் கானுக்குள்ளேயே செல்கிறதா என்று பார்த்தபடி நின்றான்.